மரத்தின் மேல் இன்னொரு காடு: மிதவெப்ப மழைக்காட்டுக்கு ஓர் அறிமுகம்

செட்டிநாட்டுச் சமையலில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்போடு ஒரு சிட்டிகை கல்பாசி விழும். அதைச் சட்டியில் போடுவதற்கு முன் ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மேல்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் கருப்பு. ஓரமெல்லாம் சுருண்டு, கருகிய காகிதம் மாதிரி இருக்கும். பெயரில் கல்லும் பாசியும் இருந்தாலும் அது இரண்டும் இல்லை. செடி என்றாலும் தப்பு. அது லைக்கன்: ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். கடையில் கல்பாசி என்று விற்பதில் பல இனங்கள் கலந்திருக்கும். அவற்றில் முக்கியமானது பார்மோட்ரீமா பெர்லாட்டம். இதே இனம் பிரிட்டனின் மேற்குப் பகுதி மரப்பட்டைகளிலும் சாதாரணமாக வளர்கிறது. அங்கே யாரும் அதைக் குழம்பில் போடுவதில்லை.

அந்த மேற்குக் கரையில் இருக்கும் ஒரு வகைக் காட்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஸ்காட்லாந்தின் ஆர்கைல், இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட், டார்ட்மூர், வேல்ஸின் ஸ்னோடோனியா, அயர்லாந்தின் கெரி ஆகிய இடங்களில் துண்டு துண்டாக மிஞ்சி நிற்கும் ஓக், ஹேசல், பிர்ச் மரக்காடுகளை மிதவெப்ப மழைக்காடு என்கிறார்கள். உள்ளே நுழைந்தால் முதலில் மரம் கண்ணில் படாது. மரத்தின் மேல் இருப்பதுதான் படும். அடிமரம், கிளை, பாறை, விழுந்து கிடக்கும் கட்டை, பழைய கல்சுவர் என்று எல்லாவற்றுக்கும் பச்சைக் கம்பளி போர்த்தியிருக்கும்.

அந்தக் கம்பளியையும் நாம் ‘பாசி’ என்றே சொல்லிவிடுவோம். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், தமிழில் பாசி என்பது பெரிய கூடை. குளத்துப் படியில் வழுக்கிவிடுவது பாசி, அது ஆல்கா. மழைக்காலத்தில் மொட்டைமாடிச் சுவரில் வெல்வெட் போலப் படர்வதும் பாசி. அது மாஸ், குட்டித் தண்டும் இலையும் உள்ள தாவரம். பள்ளியில் படித்த நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாக்டீரியா. கல்பாசி லைக்கன். இந்தக் காட்டில் நான்கும் உண்டு, சில சமயம் உள்ளங்கை அகலப் பட்டையிலேயே. குழப்பம் வேண்டாம் என்பதால் இனி மாஸ், லைக்கன் என்றே எழுதுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எவ்வளவு மழை என்பதல்ல, எத்தனை நாள் மழை

மழைக்காடு என்றதும் அமேசானும் காங்கோவும் நினைவுக்கு வரும். வியர்வை, கொடிகள், கிளிகள். குளிர்ப் பிரதேசத்திலும் மழைக்காடு உண்டு என்பது பலருக்குப் புதிது. அலாஸ்காவிலிருந்து வடக்குக் கலிபோர்னியா வரையிலான பசிபிக் கரை, தெற்கு சிலி, நியூசிலாந்தின் மேற்குக் கரை, டாஸ்மேனியா, ஜப்பானின் சில பகுதிகள், நார்வேயின் கரை, கருங்கடலின் கிழக்கு ஓரம் ஆகியவை மற்ற இடங்கள். எல்லாவற்றையும் கூட்டினாலும் பூமியின் நிலப்பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

எதை மிதவெப்ப மழைக்காடு என்று சொல்லலாம்? காட்டியல் ஆய்வாளர் பால் அலபாக் 1991ல் தந்த வரையறையைப் பலரும் எடுத்தாள்கிறார்கள். ஆண்டு மழை 1400 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். கோடையிலும் அதில் பத்தில் ஒரு பங்காவது பெய்ய வேண்டும். கோடை குளிர்ச்சியாக, சராசரி 16 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் இருக்க வேண்டும். காட்டுத்தீ அரிதாக இருக்க வேண்டும்.

1400 மி.மீ. என்ற எண் சென்னைவாசிகளுக்கு எங்கேயோ கேட்டது போலிருக்கும். சென்னையின் ஆண்டுச் சராசரி மழையும் கிட்டத்தட்ட அதே அளவுதான்! அப்படியானால் அடையாற்றில் ஏன் மழைக்காடு இல்லை? சென்னை தன் மழையின் பெரும்பகுதியை அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்ச மாதங்களில் வானத்தைப் பார்க்க வைக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள் ஏதாவது கொஞ்சம் பெய்கிறது. தூறல், சாரல், மூடுபனி, மறுபடி தூறல். பிரிட்டிஷ் இயற்கையியலாளர் டெரக் ராட்கிளிஃப் 1968ல் இந்தக் கரையின் மாஸ் இனங்களை ஆராய்ந்தபோது, மொத்த மழையளவைவிட ஈரமான நாட்களின் எண்ணிக்கையோடுதான் அவற்றின் பரவல் நன்றாகப் பொருந்தியது. ஒரு மில்லிமீட்டராவது பெய்தால் அது ஈரமான நாள். அவ்வளவு போதும்.

ஏன் போதும் என்பதில்தான் இந்தக் காட்டின் சூட்சுமம் இருக்கிறது. வேப்பமரமோ ஓக் மரமோ வேரால் நீரை உறிஞ்சி, உடம்புக்குள் குழாய்களில் ஏற்றி, இலையின் மெழுகுத் தோலால் ஆவியாகாமல் காத்துக்கொள்கிறது. மாஸுக்கு அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. அதன் வேர் போன்ற இழைகள் பிடித்துக்கொள்ள மட்டும்தான். லைக்கனுக்கும் நீரைப் பூட்டிவைக்கும் தோல் இல்லை. கொடியில் தொங்கும் துணி மாதிரி, காற்றில் ஈரம் இருந்தால் நனையும், இல்லையென்றால் காயும். காய்ந்தால் சாவதில்லை, இயக்கத்தை நிறுத்திவிட்டுக் கிடக்கும். மீண்டும் நனைந்ததும் ஒளிச்சேர்க்கை தொடங்கும். ஆக, நனைந்திருக்கும் நேரம் மட்டும்தான் அதற்கு வாழ்நாள். ஒரே இரவில் 300 மி.மீ. கொட்டினாலும் ஒரு லைக்கன் குடிக்கக்கூடியது ஒரு சொட்டுதான். தினமும் ஒரு தூறல் விழுந்தால் அது ராஜா.

ஆர்கைலுக்கு இந்தத் தூறல் எங்கிருந்து வருகிறது? அங்கே உள்ள ஓபன் நகரம் ஏறத்தாழ மாஸ்கோவின் அட்சரேகையில் இருக்கிறது. மாஸ்கோ ஜனவரியில் உறைந்து கிடக்கும். ஓபனில் பனி பெய்தாலும் அதிகம் தங்காது. அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டமும் அதன் மேல் தவழ்ந்து வரும் தென்மேற்குக் காற்றும்தான் காரணம். அந்தக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து, கரையை அடுத்தே எழும் மலைகளில் மோதி, மேலே ஏறிக் குளிர்ந்து பெய்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்துக் கேரளத்தை நனைக்கிற அதே கதைதான். அங்கே அது பருவத்துக்கு மட்டும் இல்லாமல் வருடம் முழுக்க நடக்கிறது.

‘அப்படியென்றால் நம் சோலைக்காடும் இதுதானே?’ என்று கொடைக்கானல், நீலகிரி போனவர்கள் கேட்பார்கள். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரிதான்: குட்டை மரம், முறுக்கிய கிளை, மாஸ், பெரணி, மூடுபனி. ஆனால் சோலை வெப்பமண்டலத்தின் மலைக்காடு. அங்கே கிளைகளில் ஆர்க்கிட் மலரும், பருவம் என்பது மழையை வைத்து மாறும். ஆர்கைலில் பருவத்தை மாற்றுவது வெளிச்சம்: டிசம்பரில் மதியம் நான்கு மணிக்கு இருட்டிவிடும், ஜூனில் இரவு பத்தைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும்.

ஓக் மரத்தில் குடியிருப்பவர்கள்

ஒரு தாவரம் இன்னொன்றின் மேல் வளர்ந்தால் உடனே ‘ஒட்டுண்ணி, மரம் செத்துவிடும்’ என்று பதறுகிறோம். இங்கே வளர்பவை பெரும்பாலும் தொற்றுத் தாவரங்கள். மரத்திடமிருந்து சாற்றை உறிஞ்சுவதில்லை, நிற்க இடம் மட்டும் கேட்கின்றன. மழையும் காற்றும் தூசியும்தான் அவற்றின் சாப்பாடு. வாடகை தராத குடித்தனம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அடிமரத்தையும் பாறைகளையும் மாஸ்களும் அவற்றின் சொந்தங்களான லிவர்வர்ட்களும் பிடித்துக்கொள்கின்றன. கொஞ்சம் மேலே, கிடைமட்டமாக நீளும் தடித்த கிளைகளில், மாஸ் மெத்தையில் வேரூன்றி வரிசையாக நிற்கும் பாலிபோடி பெரணி. ஓக் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் ஜனவரியிலும் இது பச்சையாகவே இருக்கும்.

பெரணிகளில் எனக்குப் பிடித்தது ஃபில்மி பெரணி. முதல் தடவை பார்ப்பவர்கள் மாஸ் என்றே நினைப்பார்கள், அவ்வளவு சிறியது. அதன் இலைப் பரப்பு ஒரே ஒரு செல் தடிமன்தான், பின்னால் விரலை வைத்தால் நிழல் தெரியும். இலைத்துளைகளும் கிடையாது. இவ்வளவு மெல்லிய உடம்போடு வெயில்படும் இடத்தில் ஒரு வாரம் தாங்காது. அருவிச் சாரல் படும் பாறையிடுக்கில்தான் வாழ்கிறது. இதன் உறவான கில்லார்னி பெரணி கதை கொஞ்சம் சோகம். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் பெரணிப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. கண்ணாடிப் பேழையில் பெரணி வளர்ப்பது வசதியானவர்களின் கௌரவம். அதற்காகக் கில்லார்னி பெரணியைக் காடு காடாகப் பிடுங்கி விற்றார்கள், ஏறக்குறைய ஒழித்தே விட்டார்கள். ஆனால் பெரணிக்கு இரண்டு பிறவி உண்டு. ஸ்போரிலிருந்து முதலில் வருவது பச்சைப் பஞ்சு போன்ற சிறு படலம். அதிலிருந்துதான் இலைவிட்ட செடி பிறக்கும். கில்லார்னி பெரணியின் படலம் மட்டும், செடியாக மாறாமலேயே, இருண்ட பாறைப் பொந்துகளில் தொடர்ந்து உயிர் வாழ்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. பெரணி பிடுங்கியவர்களின் கண்ணுக்கு அது பெரணியாகவே தெரிந்திருக்காது.

இனி லைக்கன். இதில்தான் இந்தக் காடு உலக அளவில் பேசப்படுகிறது.

லைக்கன் ஒரே உயிரல்ல, கூட்டு என்று 1867ல் சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வென்டனர் சொன்னபோது, லைக்கன் ஆராய்ச்சியாளர்களே அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று அது பாடப்புத்தகச் செய்தி. பூஞ்சை வீடு கட்டுகிறது, ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. உள்ளே குடியிருக்கும் பச்சைப் பாசி சூரிய ஒளியில் சர்க்கரை தயாரித்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கிறது. மழைக்காட்டின் பெருமைக்குரிய லைக்கனான லங்வோர்ட்டில் மூன்றாவது பங்காளியும் உண்டு: நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாசி, அதாவது அந்த பாக்டீரியா. அது காற்றிலிருக்கும் நைட்ரஜனை உரமாக மாற்றித் தருகிறது. இந்த லைக்கனோ அதன் துண்டுகளோ தரையில் உதிர்ந்து மக்கும்போது அந்த உரம் மண்ணுக்குப் போகிறது. மரத்திடம் எதுவும் வாங்காமல் மரத்துக்கு உரம் போடுகிற குடித்தனக்காரர். வாடகை வராது என்று மேலே சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

லங்வோர்ட் கையகலத்துக்கு வளரும். மேல்பரப்பு முழுக்கக் குழியும் மேடுமாக, கிழிந்த கீரை இலை மாதிரி தொங்கும். காய்ந்திருக்கும்போது பழுப்பு நிறக் காகிதம். மழை பட்டால் சில நிமிடங்களில் பளிச்சென்ற பச்சை. அந்தக் குழிகளைப் பார்த்தால் நுரையீரல் ஞாபகம் வருகிறது என்பதால், உருவம் எதைப் போலிருக்கிறதோ அதற்கே மருந்து என்ற பழைய ஐரோப்பிய நம்பிக்கைப்படி நெஞ்சு நோய்க்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். ‘நுரையீரல் பூண்டு’ என்று பொருள்படும் பெயரும் அப்படி வந்ததுதான். அதன் உறவுகளில் ஸ்டிக்டா என்ற கருத்த லைக்கனை ஈரமாக இருக்கும்போது தேய்த்து மோந்தால் மீன் நாற்றம் அடிக்கும். புதிதாக வருபவர்களை மோந்து பார்க்கச் சொல்லி வேடிக்கை பார்ப்பது லைக்கன்காரர்களின் வழக்கம்.

லங்வோர்ட் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். பரவுவதும் அப்படியே. பெரும்பாலும் பூஞ்சையும் பாசியும் சேர்ந்த சிறு துணுக்காக உதிர்ந்து, பக்கத்து மரத்தில் ஒட்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வெட்டவெளியைத் தாண்டிப் போவது அதற்குப் பெரும்பாடு. அதனால் ஒரு காட்டில் லங்வோர்ட்டும் அதன் கூட்டாளிகளும் செழித்திருந்தால், அந்தக் காடு நெடுங்காலமாக முழுதும் அழிக்கப்படாமல் தொடர்ந்து வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். இந்த எண்ணத்தை ஒரு கணக்காகவே ஆக்கினார் தாவரவியலாளர் ஃபிரான்சிஸ் ரோஸ்: 1976ல் அவர் வெளியிட்ட பட்டியலில், எத்தனை வகை ‘பழங்காட்டு லைக்கன்’ இருக்கிறது என்று எண்ணியே காட்டின் தொடர்ச்சியை மதிப்பிட முடிந்தது.

காற்று அசுத்தமானால் இவை முதலில் சாகும். தோலே இல்லாத உடம்பு. மழையில் என்ன கரைந்திருக்கிறதோ அத்தனையும் உள்ளே போகும். நிலக்கரி எரித்த கந்தகப் புகையால் இங்கிலாந்தின் தொழில் நகரங்களைச் சுற்றி இவ்வகை லைக்கன்கள் துடைத்தெடுக்கப்பட்டன. மேற்குக் கரையில் பிழைத்தது, காற்று கடலிலிருந்து சுத்தமாக வந்ததால்தான். கந்தகம் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. பண்ணைகளிலிருந்து வரும் அம்மோனியா அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது.

மரத்துக்கு மரம் பட்டை வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிர்ச் பட்டை அமிலம் மிகுந்தது, ஆஷ் பட்டையில் அமிலம் குறைவு, ஓக் இடையில். லங்வோர்ட் கூட்டம் விரும்புவது ஆஷ், ஹேசல், வயதான ஓக். ஹேசலின் இளந்தண்டு வழவழப்பாக இருக்கும். அங்கே வேறு கூட்டம். வெள்ளைப் பட்டையில் கருப்பு மையால் யாரோ கிறுக்கியது போலிருக்கும் கிராஃபிஸ் என்ற எழுத்து லைக்கன் அங்கேதான் கிடைக்கும். ஓலைச்சுவடி படித்துப் பழகியவர்களுக்குக்கூட ஒரு எழுத்தும் புரியாது.

கையுறை போட்ட ஹேசல்

காளான் என்றால் தரையில் குடை விரிக்கும் என்றுதான் நினைக்கிறோம். இங்கே தரையிலும் நிறைய உண்டு. இலையுதிர் காலத்தில் மஞ்சள் சாந்தரெல் காளான்கள் பிர்ச் அடியில் கூட்டமாக வரும்; அவற்றின் இழைகள் மண்ணுக்கடியில் மரவேர்களோடு பின்னி, தாதுக்களைக் கொடுத்துச் சர்க்கரை வாங்குகின்றன. இது உலகத்துப் பல காடுகளிலும் நடக்கும் வியாபாரம் என்பதால் இதோடு விடுகிறேன். இந்தக் காட்டின் விசேஷம் மேலே, ஹேசல் புதருக்குள் இருக்கிறது.

ஹேசலில் ஒரு குச்சி காய்ந்து ஒடிந்தால் தரையில் விழ வேண்டும். விழுந்ததும் தரையிலிருக்கும் நூறு பூஞ்சைகள் அதைத் தின்னப் போட்டியிடும். கோந்துப் பூஞ்சை என்று ஒன்று இதை முந்திக்கொள்கிறது. குச்சி விழுவதற்குள் அதைப் பக்கத்துக் கிளையோடு ஒட்டிவிடுகிறது! கருப்பான பிசின் போன்ற படலத்தால் ஒட்டப்பட்டு, காய்ந்த குச்சி அந்தரத்தில் தொங்கும். கோந்துப் பூஞ்சை அவசரமில்லாமல் தின்னும். புதருக்குள் ஒரு செத்த குச்சியை இழுத்துப் பார்த்து, வராமல் அடம்பிடித்தால் இதுதான் என்று தெரிந்துகொள்ளலாம்.

கதை அங்கே முடியவில்லை. அந்தக் கோந்துப் பூஞ்சை இருக்கும் இடத்தில், ஆரஞ்சுப் பழுப்பு நிறத்தில், விரல்களை விரித்துக் கிளையைப் பற்றிக்கொண்ட ரப்பர் கையுறை போல ஒன்று தோன்றும். ஹேசல் கையுறைக் காளான் என்று பெயர். ஹேசல் மேல் இருந்தாலும் அது ஹேசலைச் சாப்பிடுவதில்லை. கோந்துப் பூஞ்சையைத்தான் சாப்பிடுகிறது. திருடனிடம் திருடுகிற ஆள். சுத்தமான காற்றும் தொடர்ந்த ஈரமும் பழைய ஹேசல் காடும் மூன்றும் இருந்தால்தான் வரும் என்பதால், இதைப் பார்த்துவிட்டால் அது நல்ல மழைக்காடு என்று ஆட்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இதன் அறிவியல் பெயர் ஹிப்போக்ரியாப்சிஸ் ரோடோடெண்ட்ரி. முதலில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில், ரோடோடெண்ட்ரான் புதரில் கண்டெடுக்கப்பட்டதால் அப்படி. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். கொஞ்சம் தள்ளி மறுபடி வரும்.

பறவை, நத்தை, அணில்

ஏப்ரல் கடைசியில் வேல்ஸ் ஓக் காடுகளுக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பான், செம்பழுப்பு வாலை விடாமல் நடுக்கும் ரெட்ஸ்டார்ட், மரக்கதிர்க்குருவி. மூன்றும் மேற்கத்திய ஓக் காட்டின் அடையாளப் பறவைகள். கதிர்க்குருவியின் பாட்டு, தரையில் சுழற்றிவிட்ட காசு அடங்கப்போகும் நேரத்தில் வேகவேகமாகத் தடதடக்குமே, அது மாதிரி. ஈப்பிடிப்பான் ஓக் மரப் பொந்தில் கூடு வைத்து, ஓக் தளிரைத் தின்னும் புழுக்களைக் குஞ்சுகளுக்கு ஊட்டும். இதில் நேரக் கணக்கு முக்கியம். புழுக்கள் கொழுத்திருக்கும் சில வாரங்களில் குஞ்சு பொரித்திருக்க வேண்டும். வசந்தம் சூடாகி ஓக் முன்கூட்டியே தளிர்விட்டால் புழுவும் முன்கூட்டியே வந்து போய்விடும். ஆப்பிரிக்காவில் இருக்கும் பறவைக்கு அது எப்படித் தெரியும்? பந்தி முடிந்த பிறகு வந்த விருந்தாளி கதைதான்.

அயர்லாந்தின் தென்மேற்கில், கெரியில், வெண்புள்ளிகளோடு ஓடில்லா நத்தை ஒன்று உண்டு. 1842ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அதன் மற்ற வீடு ஸ்பெயின், போர்ச்சுகலின் வடக்குப் பகுதி. நடுவில் எங்கும் கிடையாது. லைக்கனும் மாஸும் மேய்ந்து வாழும். தொட்டால் மரவட்டை மாதிரி உருண்டையாகச் சுருண்டுகொள்ளும், நத்தைகளில் இது அபூர்வம். டார்ட்மூரில் நீலம் மின்னும் பெரிய தரைவண்டு ஒன்று இரவில் மாஸ் படர்ந்த மரங்களில் ஏறி இத்தகைய ஓடில்லா நத்தைகளை வேட்டையாடுகிறது.

பாலூட்டிகளில் பைன் மார்ட்டனைச் சொல்ல வேண்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலகிரி மார்ட்டனுக்குப் பங்காளி. பூனை அளவு, மார்பில் மஞ்சள் திட்டு, மரத்துக்கு மரம் தாவும். வேட்டைக்காகப் பறவை வளர்த்தவர்கள் இதைச் சுட்டுப் பொறிவைத்து ஒழித்தார்கள். ஸ்காட்லாந்தின் வடமேற்கில் கொஞ்சம் தப்பியது. இப்போது திரும்பி வருகிறது, வந்த இடங்களில் எதிர்பாராத நன்மையும் நடக்கிறது. அமெரிக்காவிலிருந்து 1876ல் கொண்டுவந்து விடப்பட்ட சாம்பல் அணில், உள்ளூர்ச் செந்நிற அணிலைப் பல இடங்களில் துரத்திவிட்டது. மார்ட்டன் திரும்பிய காடுகளில் சாம்பல் அணில் குறைந்து செந்நிற அணில் கூடுவதை அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பார்த்திருக்கிறார்கள். மார்ட்டனோடு நெடுங்காலம் வாழ்ந்த செந்நிற அணிலுக்கு அதன் வாடை தெரியும். புதிதாக வந்ததற்குத் தெரியவில்லை. ஆர்கைலின் நாப்டேல் காட்டில் 2009ல் நார்வேயிலிருந்து நீர்நாய் போன்ற பீவர்களையும் கொண்டுவந்து விட்டார்கள். அவை அணை கட்டி, மரம் சாய்த்து, காட்டுக்குள் குளம் உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன.

காடு எப்படி மிஞ்சியது, எதனால் தேய்கிறது

மனிதக் கைபடாத கன்னிக்காடு என்று இவற்றை வர்ணிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆர்கைலின் போனா என்ற இடத்தில் 1753ல் இரும்பு உருக்காலை வந்தது, 1876 வரை ஓடியது. அதற்கான கரி முழுக்கச் சுற்றுவட்டார ஓக் காடுகளில் எரித்தது. ஓக்கை அடியோடு வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். இருபது சொச்சம் வருடத்தில் மறுபடி வெட்டலாம். பட்டை தோல் பதனிடப் போனது. கரி மூட்டம் போட்ட சமதளங்கள் சரிவுகளில் இன்னமும் தெரியும். பணம் தந்ததால் காட்டைச் சுவர் வைத்துக் காத்தார்கள், ஆடு நுழையாமல் பார்த்துக்கொண்டார்கள். தேவை போனதும் காவலும் போயிற்று.

இன்று ஸ்காட்லாந்தில் மிஞ்சியிருப்பது சுமார் 30,000 ஹெக்டேர். முதல் பிரச்சினை மேய்ச்சல். செம்மறியும் மானும் கன்றுகளை மென்றுவிடுவதால், பல காடுகளில் கிழவர்கள் மட்டும் இருக்கிறார்கள், பிள்ளைகள் இல்லை. டார்ட்மூரின் விஸ்ட்மன்ஸ் வுட் என்ற புகழ்பெற்ற குட்டை ஓக் காடு பிழைத்ததே கருங்கல் பாறைகளுக்கு நடுவில் வளர்ந்ததால்தான். ஆட்டின் கால் அங்கே நுழையாது. அதற்காக வேலி போட்டு மேய்ச்சலை அடியோடு நிறுத்தினாலும் சிக்கல். முட்புதரும் ஐவிக் கொடியும் மண்டி அடிமரத்தை இருட்டாக்கும், லைக்கன் சாகும். திறந்த தரையில் கூடு கட்டும் மரக்கதிர்க்குருவிக்கும் இடமிருக்காது. கொஞ்சம் மாடு, கொஞ்ச காலம், பிறகு ஓய்வு என்று கணக்குப் பார்த்துத்தான் மேய்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, ரோடோடெண்ட்ரான் பான்டிகம். 1763 வாக்கில் அழகுக்காக வந்தது. பிறகு ஜமீன் எஸ்டேட்டுகளில் வேட்டைப் பறவைகள் ஒளிந்துகொள்ளப் புதராக நட்டார்கள். ஊதாப் பூ, பசுமை மாறாத தோல் போன்ற இலை, ஒரு பெரிய புதரிலிருந்து வருடத்துக்குப் பத்து லட்சம் விதை. இலை நஞ்சு என்பதால் மானும் தொடாது. அதன் நிழலில் மாஸ், பெரணி, ஓக் கன்று எதுவும் எழாது. பத்து வருடம் வெட்டி, எரித்து, தண்டில் மருந்து ஏற்றினாலும் ஒரு புதரை விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இந்தக் காட்டின் மதிப்புமிக்க காளானின் பெயரில் இந்தக் காட்டின் பெரிய எதிரியின் குலப்பெயர் ஒட்டியிருக்கிறது, பாருங்கள். ரோடோடெண்ட்ரான் என்றாலே வில்லன் என்று நினைத்துவிடவும் வேண்டாம். நீலகிரியின் காட்டுப் பூவரசும் அதே பேரினம்தான், அது அங்கே பூர்வகுடி.

மூன்றாவதாகச் சிட்கா ஸ்ப்ரூஸ் மரத்தோட்டங்கள். 20ஆம் நூற்றாண்டில் பழைய ஓக் காடுகளுக்குள்ளேயே இந்த ஊசியிலை மரத்தை நெருக்கமாக நட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், சிட்கா ஸ்ப்ரூஸ் அலாஸ்கா, கனடா கரையின் மிதவெப்ப மழைக்காட்டு மரம். பான்டிகத்தின் தாயகங்களில் ஒன்றும் கருங்கடல் ஓரத்து மழைக்காடு. ஈரமும் குளிர்ச்சியும் பழகிய இடம் என்பதால்தான் இரண்டும் இங்கே இவ்வளவு சுகமாக வளர்கின்றன. இவற்றோடு 2012ல் பிரிட்டனில் உறுதிசெய்யப்பட்ட ஆஷ் கருகல் நோயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை உண்டாக்குவதும் ஒரு பூஞ்சைதான். ஆஷ் சாகும்போது அதன் பட்டையை நம்பியிருந்த லங்வோர்ட் அடுத்து ஒட்ட ஹேசலோ ஓக்கோ பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

போய்ப் பார்க்க வாய்ப்பிருப்பவர்களுக்கு: ஆர்கைலில் டெய்னிஷ், கிளென் நான்ட், சூனார்ட் பக்கம் அரியண்டல், மூன்றிலும் நடைபாதை உண்டு. எல்லோரும் ஜூலையில் போகிறார்கள். நான் சொல்வது நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில். இலையுதிர்ந்து வெளிச்சம் கீழே வரை வரும், மாஸும் லைக்கனும் முழு ஈரத்தில் இருக்கும், மேற்கு ஸ்காட்லாந்தில் கோடையில் கூட்டமாக மொய்த்துக் கடிக்கும் மிட்ஜ் என்ற பொடிக் கொசுவும் இருக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று கழுத்தில் தொங்கட்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மூக்கு பட்டையில் இடிக்கும் வரை முகத்தை மரத்தருகே கொண்டுபோக வேண்டும். பின்னால் வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை, அரை மணி நேரம் ஒரே மரத்தில் நில்லுங்கள்.